அம்மாவுக்கு இடமில்லாத இல்லம்

ஏப்ரல் 12 தெருவோரக் குழந்தைகளுக்கான சர்வதேச நாள். சில ஆண்டுகளுக்கு முன் அந்த நாளில், பாரிமுனைப் பக்கம் இயங்கும் ஒரு சிறிய அறக்கட்டளை தன்னுடைய பெண்பிள்ளைகள் இல்லத்தில் விழா எடுத்தது. சிறப்பு விருந்தினர் நான். கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள், கவிதை எழுதுகிறவள், அதிலும் பெண் என்றால் இம்மாதிரி மேடைகளுக்குத் தோதானவள் என்று யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். நானும் போய்விடுகிறேன். மேடைக்குப் பின்னால் 'வீடற்ற குழந்தை இல்லாத சென்னை' என்று பதாகை. எனக்கு ஒரு சால்வை, ஒரு பித்தளை விளக்கு. பிள்ளைகள் கரகம் வைத்து ஆடினார்கள்.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு பெண் காவலாளியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இடுப்பில் பூக்கூடை. ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக நின்றவள் அவர் மகள். பெற்றோர் பார்க்க வரலாம் என்று விதிக்கப்பட்ட நாள் ஞாயிறு. அன்று ஞாயிறு இல்லை. "நான் இன்னா ஜெயில்லயா புள்ளய வுட்டுருக்கேன், மனு போட்டுப் பாக்க?" என்று அவர் கேட்டது மேடைவரை கேட்டது. யாரோ போய் சமாதானம் செய்து, கேட்டுக்கு வெளியிலேயே நிற்கவைத்து, ஒரு டம்ளர் டீ கொடுத்து அனுப்பினார்கள். பிறகு என்னைப் பேச அழைத்தார்கள். 'இல்' என்ற சொல்லைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன்.

இப்போது நினைத்தால் கூசுகிறது. 'இல்' என்றால் வீடு. 'இல்' என்றால் இன்மை. இரண்டும் ஒரே ஒலி. இல்லாள் என்றால் வீட்டுக்குரியவள், மனைவி. இல்லான் என்றால் வீட்டுக்குரியவன் என்று பொருள் வராது, ஒன்றும் இல்லாதவன், ஏழை என்றுதான் வரும். பால் மாறினால் பொருள் இப்படிப் புரண்டுவிடுகிறது பாருங்கள் என்று மேடையில் சொல்லிக் கைத்தட்டு வாங்கினேன். வீட்டை ஆளுகிறவள் என்ற பட்டத்தை மொழி பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறது, வீட்டைக் கொடுக்கவில்லை என்று முடித்தேன். அப்போது அந்தப் பெண் காலி டம்ளரைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு என்.எஸ்.சி. போஸ் சாலை பக்கம் நடந்திருப்பார்.

அந்த அம்மாவும் மகளும் ஒரே நடைபாதையில், ஒரே தார்ப்பாய்க்குக் கீழே இருந்தவர்கள். மகளை 'வீடற்ற குழந்தை' என்று கண்டுபிடித்தார்கள். அவளுக்குக் கட்டில், மூன்று வேளைச் சோறு, சீருடை எல்லாம் கிடைத்தன. அதே நடைபாதையில் படுத்த அம்மாவுக்குப் பெயர் என்ன? அவரும் ஒரு காலத்தில் அங்கே பிறந்த குழந்தைதான். அவர் அம்மாவும் அங்கேதான் படுத்தார். நான்கு தலைமுறையாக ஜார்ஜ் டவுன் நடைபாதைகளில் குடியிருக்கும் குடும்பங்கள் உண்டு. பதினெட்டு வயதுவரை இரக்கத்துக்குரியவளாக இருந்தவள், பதினெட்டு முடிந்ததும் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுகிறாள்.

சட்டம் இதைச் சொல்லாமல் சொல்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், வீடோ நிலையான வசிப்பிடமோ வெளிப்படையான பிழைப்பு வழியோ இல்லாமல் காணப்படும் குழந்தையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்கிறது. அப்படிப்பட்ட குழந்தையை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்றும், குடும்பத்தோடு திரும்பச் சேர்ப்பதே இல்லங்களின் முதன்மை நோக்கம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் திரும்பச் சேர்ப்பதற்குமுன் வீட்டுச் சூழலை விசாரித்து அறிக்கை வாங்குவார்கள். வீடே இல்லாதவருக்கு வீட்டுச் சூழல் அறிக்கை எப்படி எழுதுவது? நடைபாதையை வந்து பார்த்துவிட்டு 'சூழல் உகந்ததாக இல்லை' என்று எழுதுகிறார்கள். அது உண்மைதானே, யார் மறுக்க முடியும்? உகந்ததாக இல்லாத அந்த இடத்தில் அறிக்கை எழுதப்பட்ட அன்று இரவும் அந்த அம்மா படுத்தார்.

வறுமையை மட்டுமே காரணம் காட்டிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதனால்தானோ என்னவோ, கோப்புகளில் வறுமை என்று எழுதுவதில்லை. 'தாயின் போதிய கவனிப்பு இன்மை' என்று எழுதுகிறார்கள். நான் பார்த்த படிவங்களில் அந்த வரி திரும்பத் திரும்ப வந்தது. தந்தையின் கவனிப்பின்மை என்று ஒன்றையாவது பார்த்துவிட வேண்டுமென்று தேடினேன். தந்தை என்ற கட்டத்தில் 'குடிப்பழக்கம்', 'பிரிந்து சென்றார்', 'தகவல் இல்லை' என்று இருந்தது. அவை தகவல்களாம். தாயைப் பற்றி எழுதியது மட்டும் தீர்ப்பு.

அந்தக் கவனிப்பு எப்படி இருந்தது என்று எனக்குச் சொன்னவள் ஒரு மாணவி. விழாவுக்குப் பிறகு சனிக்கிழமைகளில் அந்த இல்லத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போக ஆரம்பித்தேன். குற்றவுணர்ச்சியில் தொடங்கியது, பிறகு பழக்கமாகிவிட்டது. ஒருநாள் 'என் வீடு' என்று கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் அசராமல் எழுதினாள். படித்துக்காட்டும்போது எழுதாத ஒன்றையும் சொன்னாள். "அம்மா முந்தானைய என் கையில கட்டிக்கினுதான் படுக்கும் மேம். யாரானா என்னை இழுத்தா அதுக்குத் தெரியணும்னு. ஆனா அது தூங்கவே தூங்காது. காலையில பூ கட்டும்போதுதான் தூங்கி விழும்."

பெண்பிள்ளைக்கு மார்பு வளரத் தொடங்கியதும் நடைபாதை அம்மாக்கள் விடிய விடிய விழித்திருக்கிறார்கள். முறைவைத்துக் காவல் இருக்கிறார்கள். கட்டணக் கழிப்பறையை இரவில் பூட்டிவிடுவார்கள் என்பதால் மாலை ஆறு மணிக்குமேல் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை. தீட்டுத்துணியை உலர்த்த இடமில்லாமல் ஈரத்தையே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இந்தக் கவனிப்பைத்தான் போதாது என்கிறது படிவம். போதாதுதான். ஒரு முந்தானையால் ஒரு சுவரின் வேலையைச் செய்ய முடியாது.

அறக்கட்டளைக்காரர்களை நான் வில்லன்களாக்கப் போவதில்லை. என் தோழர்கள் சிலருக்கு அது சுலபம். 'என்.ஜி.ஓ. அரசியல்' என்ற ஒரு சொல்லை வீசிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அரசின் கடமையை இவர்கள் தூக்கிச் சுமப்பதால்தான் அரசு தப்பித்துக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அரசு வந்துசேரும்வரை அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளை இரவில் எந்தக் கழிப்பறைக்குப் போவாள் என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை. அறக்கட்டளையின் பெண்களிடம் பதில் இருந்தது. தங்கள் அலுவலகக் கழிப்பறையைத் திறந்துவைத்தார்கள். ஆதார் அட்டைக்கு முகவரி இல்லாத குடும்பங்களுக்குத் தங்கள் முகவரியைக் கொடுத்தார்கள். அந்த மாடிக் கட்டடத்தின் கதவெண்ணில் எத்தனையோ குடும்பங்கள் காகிதத்தில் குடியிருக்கின்றன. பள்ளியில் சேர்ப்பது, பிறப்புச் சான்றிதழுக்கு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் நாள்கணக்கில் நிற்பது, காவல் நிலையத்துக்கு நள்ளிரவில் ஓடுவது எல்லாம் சொற்பச் சம்பளத்துக்கு வேலைசெய்யும் பெண்கள்தான். அவர்களில் சிலருக்கே சொந்த வீட்டில் நிம்மதி கிடையாது. அது வேறு கதை.

என் சண்டை அவர்களுக்குப் பணம் வருகிற வழியோடு. "குழந்தைக்குன்னா நிதி வருது மேடம். அம்மாவுக்குன்னு கேட்டா வரல" என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். இருபது ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவர். நன்கொடையாளர்களுக்கு ஆண்டுதோறும் குழந்தையின் புகைப்படமும் மதிப்பெண் பட்டியலும் போக வேண்டும். இத்தனை குழந்தைகள் மீட்கப்பட்டார்கள் என்று எண்ணிக்கை போக வேண்டும். பூக்கூடையோடு கேட்டுக்கு வெளியே கத்துகிற நாற்பது வயதுப் பெண்ணின் படத்தை ஆண்டறிக்கையின் அட்டையில் போட முடியாது. குழந்தை நிரபராதி. அம்மா அப்படியா? குடிகாரனைக் கட்டிக்கொண்டது யார்? ஏன் இத்தனை பெற்றாள்? தன் இரக்கம் வீண்போகாது என்ற உத்தரவாதம் கொடுப்பவருக்கு வேண்டியிருக்கிறது. அதற்கு வாகாகக் குழந்தையைத் தாயிடமிருந்து வெட்டித் தனியாக எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

அரசுத் திட்டங்களும் இதற்குக் குறைந்தவை இல்லை. நகர்ப்புற வீடற்றோருக்கு லட்சம் பேருக்கு ஓர் உறைவிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. சென்னை மாநகராட்சியின் காப்பகங்கள் நடக்கின்றன. பெரும்பாலானவை ஆண்கள், பெண்கள், சிறுவர், முதியோர் என்று பிரித்தவை. குடும்பமாகப் போனால் அம்மா ஓரிடம், அப்பா ஓரிடம், மீசை அரும்பிய பையன் இன்னோரிடம். பிரிந்து போவதைவிட நடைபாதையில் சேர்ந்து கிடப்பதே மேல் என்று ஒரு பெண் முடிவெடுத்தால் அவள் உதவியை மறுத்தவள் ஆகிறாள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய். பெண்ணின் வீட்டுவேலையை உழைப்பு என்று ஒரு அரசு ஒப்புக்கொண்ட திட்டம், நான் மேடை மேடையாகப் பாராட்டிய திட்டம். அது குடும்ப அட்டையின்பேரில் கொடுக்கப்படுகிறது. அட்டையில்லாத நடைபாதைப் பெண் குடும்பத் தலைவி இல்லை. அவள் பெருக்கிக் கோலம் போடுகிற அந்த ஆறடிக்கு நான்கடி, குடும்பம் இல்லை.

வீடே கொடுத்த கதையும் உண்டு. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். வீடு என்று கேட்டவர்களை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் அடுக்கிவைத்தார்கள். பூக்கடையில் பூ வாங்கி விற்றவள், சௌகார்பேட்டையில் பாத்திரம் கழுவியவள் விடியற்காலை வேலைக்கு எந்தப் பேருந்தில் வருவாள் என்று அந்தக் கட்டடத்தின் வரைபடத்தில் எழுதவில்லை. பள்ளி ஆண்டின் நடுவில் அப்புறப்படுத்தப்பட்ட பிள்ளைகளில் படிப்பைவிட்டவர்கள் பலர். பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் தனியாகப் பழைய பள்ளிக்கு அனுப்பப் பயந்து நிறுத்தினார்கள். 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகளைப் பற்றிச் சொன்னதை மாணவிகளுக்கு நான் அடிக்கடி சொல்வேன். பிழைப்புக்கான உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்றது. நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மழைக்காலம் முடியும்வரை அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசத்தில்தான் நாற்பது ஆண்டுகளாக நம் நகரங்களின் பெண்கள் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள்.

இனி, பதினெட்டு வயதுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இல்லத்துப் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு ஏங்குவார்கள். பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மட்டும் அஞ்சுவார்கள். அன்றோடு சட்டப்படி குழந்தை இல்லை. பிறகு இருபத்தொரு வயதுவரை பின்தொடர் பராமரிப்பு உண்டு என்று சட்டத்தில் இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் நான்காயிரம் ரூபாய் கொடுக்கலாம். கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் வரும். எனக்குத் தெரிந்த ஒருத்தி இவ்வளவையும் வாங்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டையில் அறை தேடினாள். கூட யார் இருப்பார்கள் என்று கேட்டார்கள். அம்மா இருப்பார் என்றாள். "ஆம்பள தொண இல்லயா?" சொந்த ஊர் எது, என்ன ஆளுங்க என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த நடைபாதைக் குடும்பங்களில் பெரும்பாலானவை தலித் குடும்பங்கள். இந்தக் கேள்வி எதற்கென்று அவர்களுக்குத் தெரியும். இதையெல்லாம் தாண்டி ஒருவர் சம்மதித்தார். வாடகை ஐயாயிரம், அட்வான்ஸ் பத்து மாதம். ஐம்பதாயிரம் ரூபாய்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இல்லத்தின் நிர்வாகக் குழுவில் ஒரு பெரியவர். கெட்டவர் இல்லை. தன் பேத்திகளைப்போல இந்தப் பிள்ளைகளை நினைக்கிறவர். "நல்ல இடமாப் பாத்து முடிச்சுடலாமேம்மா, நாமளே செஞ்சு வைக்கலாம்" என்றார். மாப்பிள்ளை தயாராகவே இருந்தான். மெக்கானிக், முப்பத்திரண்டு வயது. தாலிக்கு ஒருவர், பட்டுப்புடவைக்கு ஒருவர், பீரோவுக்கு ஒருவர் என்று ஒரே வாரத்தில் நன்கொடை சேர்ந்துவிட்டது. அட்வான்ஸ் பணத்துக்காக இரண்டு மாதம் அலைந்து நாங்கள் ஒன்பதாயிரம் சேர்த்திருந்தோம்.

தமிழ்ச் சமூகத்தில் பெண்ணுக்கு இருக்கிற ஒரே வீட்டுவசதித் திட்டம் கல்யாணம். என் தலைமுறையின் நடுத்தர வர்க்கப் பெண்களுக்கும் அதுதான் இருந்தது. அப்பா வீட்டிலிருந்து கணவன் வீட்டுக்கு மாறினோம். பெயர்ப்பலகையில் மட்டும் 'இல்லம்' என்று எங்கள் பெயரைப் போட்டார்கள். என்னிடம் முனைவர் பட்டமும் சம்பளமும் இருந்தும், முப்பத்தாறு வயதில் தனியாக வாடகைக்கு வீடு தேடியபோது தரகர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இல்லத்திலிருந்து வெளியேறும் பெண்ணிடம் இந்தத் திட்டத்தின் விதிமுறை இன்னும் கறாராக இருக்கும். அடித்தால் திரும்பிவரப் பிறந்தகம் கிடையாது. இல்லத்தில் அவள் கட்டிலில் வேறொரு பிள்ளை படுத்திருப்பாள். அம்மா இருக்கும் இடத்தைச் சொல்ல அவள் கூசுவாள், ஏனென்றால் பத்து ஆண்டுகளாக 'அந்த இடத்திலிருந்து மீட்கப்பட்டவள்' என்றே அவளை மேடைகளில் அறிமுகம் செய்திருக்கிறோம். என்னைப்போன்ற சிறப்பு விருந்தினர்கள் அதற்குக் கைத்தட்டியிருக்கிறோம்.

அவள் வேண்டாம் என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பேருடைய மனவருத்தம்! "இவ்வளவு செஞ்சும் நன்றியில்ல பாருங்க" என்று என் காதுபடவே சொன்னார்கள். ஒருங்கிணைப்பாளர் மட்டும் கோப்பைப் புரட்டிக்கொண்டே ஒரு கணக்குப் போட்டார். ஒரு பிள்ளையை ஓராண்டு இல்லத்தில் வைத்துச் சோறும் துணியும் படிப்பும் கொடுக்க ஆகிற செலவும், இந்த ஐம்பதாயிரமும் ஏறக்குறைய ஒன்று. பத்து ஆண்டு வைத்திருக்கிறோம். முதல் ஆண்டிலேயே அம்மாவுக்கு அட்வான்ஸ் கொடுத்து, பக்கத்துத் தெருவில் ஓர் அறை பிடித்துக் கொடுத்திருந்தால்? அட்வான்ஸ் செலவழிந்துபோகிற பணம்கூட இல்லை, காலி செய்தால் திரும்பிவரும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கணக்கை அவர் அதற்குமுன் போடாமல் இருந்திருக்க மாட்டார். உரக்கச் சொன்னது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்த அறக்கட்டளை இப்போது ஏழு குடும்பங்களுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறது. ஒப்பந்தம் அம்மாக்களின் பெயரில். பிழைப்பு இருக்கிற இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில். மகளைத் திரும்ப அழைத்துக்கொண்டவர்கள் நான்கு பேர். குழந்தைகள் நலக் குழுவிடம் இந்தமுறை வீட்டுச் சூழல் அறிக்கை கொடுக்க ஒரு வீடு இருந்தது. ஒரு குடும்பம் வாடகை கட்ட முடியாமல் ஆறாவது மாதம் பழைய நடைபாதைக்கே போய்விட்டது. அதை ஆண்டறிக்கையில் எழுதுவதா வேண்டாமா என்று நிர்வாகக் குழுவில் சண்டை. எழுதத்தான் வேண்டும் என்றேன். மாநகராட்சியும் வாழ்விட மேம்பாட்டு வாரியமும் செய்ய வேண்டியதை ஏழு அறைகளால் ஈடுகட்ட முடியாது. மைய நகரத்தில் வாடகைக் குடியிருப்பு, பெண்ணின் பெயரில் ஒதுக்கீடு, குடும்பத்தைப் பிரிக்காத காப்பகம், அட்டையில்லாதவருக்கும் உரிமைத்தொகை என்று நாம் கேட்க வேண்டியவற்றை அந்த ஏழு பெண்கள் வாடகை ரசீதோடு போய்க் கேட்கிறார்கள். கேட்கிற இடத்தில் நான் கூட நிற்கிறேன். மனு எழுதித் தருகிறேன். இவ்வளவு தமிழ் படித்தது வீணாகவில்லை.

கல்யாணம் வேண்டாம் என்றவள் அம்மாவோடு அந்த ஐயாயிரம் ரூபாய் அறையில் இருக்கிறாள். பி.காம். இரண்டாம் ஆண்டு. போன மாதம் போயிருந்தேன். அம்மா தரையில் குப்புறப் படுத்து நல்ல தூக்கத்தில் இருந்தார். மதியம் பன்னிரண்டு மணி. எழுப்ப வேண்டாம் என்று சைகை செய்தேன். "இங்க வந்ததுலேருந்து இப்டித்தான் மேம், எப்பப் பாரு தூங்குது" என்றாள். குறை சொல்கிற மாதிரி சொன்னாள்.

இந்த ஏப்ரல் விழாவுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. இல்லத்தில் இன்னும் முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் அம்மாக்கள் இன்னும் நடைபாதையில் இருக்கிறார்கள். அன்று கேட் திறந்திருக்குமா, அவர்கள் உள்ளே வந்து உட்காரலாமா என்று பதில் எழுதிக் கேட்டிருக்கிறேன். நிர்வாகக் குழுவில் வைத்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.